பதினெட்டு தடவை ஏமாற்றிய மணி

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க அபார்ட்மெண்ட்ல ஃபயர் அலாரம் அடிச்சது. யாரும் வெளியே வரலை. நானும்தான். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, "யாராவது நிறுத்தித் தொலைங்கப்பா" என்று முனகினேன். பத்து நிமிஷத்தில் சத்தம் நின்றது. காலையில் செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். "அது அப்படித்தான் சார், மாசத்துக்கு ரெண்டு தரம் சும்மாவே அடிக்கும். பேனல்ல பட்டனை அமுக்கிட்டா நின்னுடும்" என்றார்.

அன்றைக்குத்தான் இந்த மணியின் வரலாற்றைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

கதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் தந்திக் கம்பியைத் தீயணைப்புக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார்கள். 1852-இல் தெருக்களில் எண்ணிட்ட பெட்டிகள் வந்தன. பெட்டியில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் அதன் எண் தந்தி வழியே மைய அலுவலகத்துக்குப் போகும். தீ எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் சும்மா கைப்பிடியைச் சுற்றி விளையாடும் ஆட்களும் இருப்பார்களே! அதற்குப் பயந்து பெட்டிகளைப் பூட்டினார்கள். சாவி போலீஸ்காரர்களிடமும் நம்பகமான சிலரிடமும் மட்டுமே இருந்தது. 1872 நவம்பர் 9, சனிக்கிழமை இரவு, நகரின் வணிகப் பகுதியில் தீப்பிடித்தது. அலாரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பூட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. வண்டி இழுக்கும் குதிரைகள் நோயில் படுத்திருந்தன, தண்ணீர்க் குழாய்களில் அழுத்தமும் போதவில்லை. கடைசியில் 776 கட்டடங்கள், சுமார் 65 ஏக்கர் சாம்பல்.

அடுத்த கதை 127 வருஷம் கழித்து நடந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் போலண்ட் ஹால் விடுதி. 2000 ஜனவரி 19, விடியற்காலை நாலரை மணி. மூன்றாம் மாடி லவுஞ்சில் தீ. அலாரம் ஒழுங்காகவே அடித்தது. ஆனால் செப்டம்பரிலிருந்து அதற்குள் 18 பொய் அலாரங்கள் அடித்திருந்தன. இது பத்தொன்பதாவது என்று நினைத்துப் பல மாணவர்கள் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று முதலாண்டு மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த வருஷமே நியூ ஜெர்சி அரசு எல்லா விடுதிகளிலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

அங்கே பொய் அலாரங்களுக்குக் குறும்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்க கட்டடத்தில் காரணம் வேறு. ஆனால் தூங்குகிறவன் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

விசாரித்ததில், எங்க பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, யாரும் புதுப்பிக்கவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் கத்தி ஒரு டெக்னீஷியனை வரவழைத்தோம். லிஃப்ட் பக்கம் இருந்த ஸ்மோக் டிடெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒட்டடை. கூடவே, மேல் வீட்டில் மார்பிள் அறுத்தபோது வந்த வெள்ளைத் தூசி.

இந்த வகை டிடெக்டரின் இருட்டு அறைக்குள் ஒரு சின்ன விளக்கு இருக்கும், அதன் வெளிச்சம் நேராக சென்சாரில் படாது. புகை நுழைந்தால் வெளிச்சம் சிதறிச் சென்சாரில் விழும், மணி அடிக்கும். தூசி நுழைந்தாலும் அதே கதைதான். டிடெக்டருக்கு ரெண்டும் ஒண்ணு. பராமரிப்பு என்றால் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கிறதா என்று பார்ப்பது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அடிக்கக்கூடாத நேரத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அதில் பாதி வேலை.

பேனலில் மஞ்சள் விளக்கு ஒன்று எத்தனையோ நாளாக எரிந்துகொண்டிருந்தது. டிடெக்டர் வயரின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்குமாம். அதன் வழியாக எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். வயர் எங்கேயாவது அறுந்தால் ஓட்டம் நின்று அந்த விளக்கு எரியும். அதாவது, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று பேனலே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் சத்தத்தை மட்டும் அமுக்கிவிட்டுப் போய்விட்டோம். நாலாவது மாடியின் டிடெக்டர்கள் பேனலோடு தொடர்பே இல்லாமல் கிடந்திருக்கின்றன. அந்த மாடியில்தான் ஒரு வயதான தம்பதி தனியாக இருக்கிறார்கள்.

இப்போது வயரைச் சரிசெய்து, டிடெக்டர்களைச் சுத்தம் செய்தாகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு மணியை அடித்துப் பார்க்கிறோம். பேனல் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்குகிறது. அடித்த தேதி, காரணம், யார் நிறுத்தினார்கள் என்று எழுத வேண்டும். அண்ணன் ஒழுங்காக எழுதுகிறார்.

நீங்களும் இன்னிக்குக் கீழே இறங்கும்போது உங்க கட்டடத்துப் பேனலை ஒரு பார்வை பாருங்க. மஞ்சள் விளக்கு எரிஞ்சா, எத்தனை நாளா எரியுதுன்னு கேளுங்க.