50-ஆவது உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி: கைகலப்பு, பிளவுண்ட தேசங்கள், பதின்வயது வீரர்கள் – ஒரு பார்வை

இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் தொடர், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மின்னியாபோலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் 2025 டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கி 2026 ஜனவரி 5-ஆம் தேதி நிறைவடைந்தது. 1977-இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்ட இத்தொடரின் 50-ஆவது போட்டி இதுவாகும். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற அமெரிக்கா, தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றும் முனைப்பில் சொந்த மண்ணில் களமிறங்கியது. அந்நாட்டு ஜூனியர் அணி இதுவரை எட்டாத சாதனை அது.

இந்திய வாசகருக்கு ஹாக்கி என்றால் புல்தரை அல்லது செயற்கைத் தரையில் ஆடப்படும் ஆட்டமே நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கி உறைந்த பனித்தளத்தில், காலில் கத்தி பொருத்திய காலணிகளுடன் ஆடப்படுகிறது. பந்துக்குப் பதிலாகக் கடினமான ரப்பர் வட்டு. கோல்கீப்பரையும் சேர்த்து ஒவ்வோர் அணியிலும் ஆறு பேர் களத்தில் இருப்பர். ஆட்டம் தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்கள் இடைவிடாமல் மாற்றப்படுவர். உடலோடு உடல் மோதித் தடுப்பதற்கு விதிகளே இடமளிக்கின்றன.

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு (ஐஐஎச்எஃப்) நடத்தும் இத்தொடரின் முதல் நிலையில் பத்து அணிகள் மோதுகின்றன. இம்முறை ‘ஏ’ பிரிவில் அமெரிக்கா, சுவீடன், ஸ்லோவாக்கியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகியவையும், ‘பி’ பிரிவில் கனடா, பின்லாந்து, செக் குடியரசு, லாத்வியா, டென்மார்க் ஆகியவையும் இடம்பெற்றன. கடந்த முறை தகுதியிழந்த கஜகஸ்தானின் இடத்தை டென்மார்க் பெற்றது. வழக்கமான நேரத்தில் கிடைக்கும் வெற்றிக்கு மூன்று புள்ளிகள். கூடுதல் நேரத்தில் வென்றால் இரண்டு, தோற்றால் ஒன்று. பிரிவுக்கு நான்கு அணிகள் காலிறுதிக்கு முன்னேறும். கடைசி இடம் பிடிக்கும் இரு அணிகளும் தங்களுக்குள் மோத, அதில் தோற்கும் அணி அடுத்த ஆண்டு இரண்டாம் நிலைக்கு இறக்கப்படும். 2006-ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் மட்டுமே இம்முறை ஆட முடிந்தது.

இதற்கு முன் நடைபெற்ற 49 தொடர்களில் கனடா 20 முறை தங்கம் வென்றிருந்தது. சோவியத் ஒன்றியமும் அதன் வழிவந்த அணிகளும் சேர்த்து 13, அமெரிக்கா 7, பின்லாந்து 5, செக் குடியரசு 2, சுவீடன் 2. இவற்றுள் வியப்பளிப்பது சுவீடனின் கணக்கு. 2006 டிசம்பர் இறுதி முதல் பிரிவுச் சுற்றில் தொடர்ச்சியாக 54 ஆட்டங்களில் அந்த அணி தோல்வியே காணவில்லை. 2020 டிசம்பரில் ரஷ்யாதான் அந்த ஓட்டத்தை நிறுத்தியது. ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் அதற்குக் கிடைத்த தங்கம் 2012-இல் வென்ற ஒன்று மட்டுமே. பிரிவுச் சுற்றில் புலியாகவும் வெளியேற்றும் சுற்றில் பூனையாகவும் மாறும் அணி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

ஒரு நாட்டின் முழுக் கவனமும் ஜூனியர் போட்டி ஒன்றின்மீது குவிவது அரிது. கனடாவில் அது ஆண்டுதோறும் நிகழ்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்துடன் தொலைக்காட்சி முன் அமர்ந்து இளையோர் அணியின் ஆட்டத்தைக் காண்பது அங்கு பண்டிகைச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. எனினும் தொடக்கத்தில் கனடா இத்தொடரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பெரும்பாலும் உள்நாட்டு ஜூனியர் சாம்பியனான கிளப் அணியையே தேசிய அணியாக அனுப்பி வந்தது. அவ்வாறு 1981-இல் சென்ற கார்ன்வால் ராயல்ஸ் அணி ஏழாம் இடத்தைத்தான் பிடித்தது. அதன் பின்னரே நாடு முழுவதிலுமிருந்து சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே பலன் கிட்டியது. 1982-இல் இதே மின்னசோட்டாவின் ராசெஸ்டர் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவுடன் 3–3 எனச் சமன் செய்த கனடா, முதன்முறையாகத் தங்கம் வென்றது. பரிசளிப்பின்போது ஒலிக்கச் செய்யக் கனடாவின் தேசிய கீதப் பதிவு அரங்கில் இல்லை. வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று தாங்களே கீதத்தைப் பாடி முடித்தனர். அந்நாட்டு ஹாக்கி ரசிகர்கள் இன்றும் நினைவுகூரும் காட்சி அது.

ஐந்து ஆண்டுகள் கழித்து நடந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. 1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டியானி நகரில் கனடாவும் சோவியத் ஒன்றியமும் கடைசி ஆட்டத்தில் மோதின. சோவியத் அணி ஏற்கெனவே பதக்க வாய்ப்பை இழந்திருந்தது. கனடாவுக்கோ பதக்கம் ஏறக்குறைய உறுதி. ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றால் தங்கமே கிட்டும். இரண்டாம் பகுதி முடிய ஆறு நிமிடங்கள் ஏழு விநாடிகள் எஞ்சியிருந்த நிலையில் கனடா 4–2 என முன்னிலை வகித்தது. அப்போது வெடித்த கைகலப்பில், இருக்கையில் அமர்ந்திருந்த சோவியத் வீரர் ஒருவர் முதலில் களத்துக்குள் பாய்ந்தார். அவரைத் தொடர்ந்து இரு தரப்பிலும் மாற்று வீரர்கள் அனைவரும் பனித்தளத்தில் இறங்கினர். அடங்காத சண்டையைக் கண்ட நடுவர்கள் களத்தை விட்டே வெளியேறினர். செய்வதறியாத அமைப்பாளர்கள் அரங்கின் விளக்குகளை அணைத்தனர். இருட்டிலும் அடிதடி தொடர்ந்தது.

கூட்டமைப்பின் அவசரக் கூட்டத்தில் 7–1 என்ற வாக்குகளில் இரு அணிகளும் தொடரிலிருந்து நீக்கப்பட்டன. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு கனடாப் பிரதிநிதியுடையது. தங்கம் பின்லாந்துக்குச் சென்றது. வீரர்களுக்கு 18 மாதங்களும் பயிற்சியாளர்களுக்கு மூன்று ஆண்டுகளும் தடை விதிக்கப்பட்டது. வீரர்களின் தடை பின்னர் குறைக்கப்பட்டது. நாடு திரும்பிய கனடா வீரர்களுக்கு டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் கிளப்பின் உரிமையாளர் ஹெரால்ட் பல்லார்ட் தம் செலவில் தங்கப் பதக்கங்கள் செய்து கொடுத்தார். தண்டனைக்குரிய செயலுக்குப் பரிசா என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அதற்கு ஒருமித்த விடை இல்லை. அந்த இரவில் எதிரெதிர் அணிகளில் இருந்த கனடாவின் பிரெண்டன் ஷனஹானும் சோவியத்தின் செர்கெய் ஃபெடரோவ், விளாதிமிர் கான்ஸ்தந்தினோவ் ஆகியோரும் பத்தாண்டுகள் கழித்து, 1997-இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் சார்பில் ஒன்றாக ஸ்டான்லி கோப்பையை ஏந்தினர்.

ஆண்டின் இறுதி நாட்களில் நடப்பதாலோ என்னவோ, வரலாற்றின் திருப்பங்கள் சிலவும் இத்தொடரில் குறுக்கிட்டன. 1991 டிசம்பர் 26 அன்று ஜெர்மனியின் ஃபியூசன், கௌஃப்பாய்ரன் நகரங்களில் போட்டி தொடங்கிய அதே நாளில் சோவியத் ஒன்றியம் சட்டப்படி கலைக்கப்பட்டது. சோவியத் அணியாகக் களமிறங்கிய இளைஞர்கள், சுதந்திர நாடுகளின் காமன்வெல்த் என்ற புதிய பெயரில் தொடரை முடித்து, தங்கத்தையும் வென்றனர். புறப்பட்டபோது இருந்த நாடு அவர்கள் திரும்பியபோது இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இதே கதைதான். சுவீடனின் யேவ்லே நகரில் 1992 டிசம்பரில் தொடங்கிய போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா பங்கேற்றது. புத்தாண்டு பிறந்தபோது அந்நாடு செக், ஸ்லோவாக் என இரண்டாகியிருந்தது. வீரர்கள் ஒரே அணியாகவே ஆடி முடித்து வெண்கலம் பெற்றனர்.

அதே யேவ்லே தொடரில் சுவீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஏழு ஆட்டங்களில் 31 புள்ளிகள் எடுத்தார். கோலும், கோலுக்கு உதவியதும் சேர்ந்தே இவ்விளையாட்டில் வீரரின் புள்ளிக் கணக்கு. ஒரே தொடரில் எடுக்கப்பட்ட அதிகபட்சமாக அது இன்றும் நிற்கிறது. ஆயினும் சுவீடனுக்குத் தங்கம் இல்லை. அப்போது இறுதிப்போட்டி என்பதே கிடையாது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதி, வெற்றிக் கணக்கில் முதலிடம் பெறுவதே முறை. கனடாவும் சுவீடனும் சமநிலையில் முடிக்க, நேருக்கு நேர் ஆட்டத்தில் 5–4 என வென்றிருந்த கனடாவுக்குத் தங்கம் சென்றது. 1996-இல்தான் வெளியேற்றும் சுற்று அறிமுகமானது. அதன் பின்னர் ஒரே இரவில் அனைத்தும் தலைகீழாவது இத்தொடரின் இயல்பாகிவிட்டது. 2011-இல் பஃபலோவில் நடந்த இறுதிப்போட்டியில் இரண்டு பகுதிகள் முடிவில் 3–0 என முன்னிலையில் இருந்த கனடா, மூன்றாம் பகுதியில் ரஷ்யாவிடம் ஐந்து கோல்களை வாங்கித் தோற்றது ஓர் எடுத்துக்காட்டு.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) கிளப்களின் தேர்வாளர்கள் இத்தொடரைக் கூர்ந்து கவனிப்பர். 1978-இல் மாண்ட்ரியலில் 16 வயதுச் சிறுவனாக ஆடிய வேய்ன் கிரெட்ஸ்கி, 17 புள்ளிகளுடன் தொடரின் முதலிடம் பெற்றார். 2023-இல் கானர் பெடார்ட் 23 புள்ளிகள் எடுத்து, ஒரு தொடரில் கனடா வீரர் எடுத்த அதிகபட்சத்தை நிறுவினார். இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவில் பிறந்த தந்தைக்கு மகனான மேனி மல்ஹோத்ரா, 2000-ஆம் ஆண்டு கனடா ஜூனியர் அணிக்குத் தலைமை தாங்கி வெண்கலம் பெற்றுத் தந்தார்.

அண்மை ஆண்டுகளில் தொடர் சில பெரும் சோதனைகளைச் சந்தித்தது. கொரோனா பரவலால் 2021 போட்டி எட்மன்டனில் பார்வையாளர்களின்றி நடைபெற்றது. அடுத்த போட்டி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தாகி, 2022 ஆகஸ்டில் கோடைக்காலத்தில் முதலிலிருந்து நடத்தப்பட்டது. உக்ரைன் போரையடுத்து ரஷ்யாவும் பெலாரஸும் விலக்கப்பட்டன. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் நடக்கவிருந்த 2023 போட்டி கனடாவின் ஹாலிஃபாக்ஸ், மாங்க்டன் நகரங்களுக்கு மாற்றப்பட்டது.

2022 ஆகஸ்டில் அரங்குகள் வெறிச்சோடிக் கிடந்ததற்குப் பருவம் மட்டுமே காரணமன்று. 2018-இல் தங்கம் வென்ற கனடா ஜூனியர் அணியைச் சேர்ந்த சிலர் மீது பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைப் புகார் கூறி வழக்குத் தொடுத்ததும், அதை ‘ஹாக்கி கனடா’ அமைப்பு பணம் கொடுத்துச் சமரசமாக முடித்ததும் 2022 மே மாதம் வெளியாயின. சிறுவர்களின் பெற்றோர் செலுத்தும் பதிவுக் கட்டணத்திலிருந்து திரட்டப்பட்ட நிதியும் இத்தகைய சமரசங்களுக்குப் பயன்பட்டது தெரியவந்தபோது நாடே கொதித்தது. மத்திய அரசு நிதியுதவியை நிறுத்தியது. விளம்பர நிறுவனங்கள் விலகின. அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரியும் நிர்வாகக் குழுவும் பதவி விலகினர். குற்றம் சாட்டப்பட்ட ஐவரையும் ஒன்டாரியோ நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. ஆனால் பதின்வயதினரை நட்சத்திரங்களாக உயர்த்தும் அமைப்பு அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்ற விவாதம் கனடாவில் ஓயவில்லை.

இந்தியா 1989 முதல் ஐஐஎச்எஃப் உறுப்பினராக இருப்பினும், இத்தொடரின் முதல் நிலையில் இடம்பெற்றதில்லை. குளிர்காலத்தில் உறையும் லடாக்கின் நீர்நிலைகளே இங்கு இவ்விளையாட்டின் நாற்றங்கால். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது.

மின்னசோட்டாவில் தொடக்க நாளன்று அமெரிக்கா ஜெர்மனியையும், கனடா செக் குடியரசையும் சந்தித்தன. 2024-இலும் 2025-இலும் காலிறுதியில் கனடாவை வெளியேற்றியது இதே செக் அணிதான். அடுத்த போட்டி கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள எட்மன்டன், ரெட் டீர் நகரங்களில் நடைபெறும்.