வீட்டு பாரும் ஒரு பர்மிட்டும்: பம்பாய்க் கதை

பிளாட்டில் பார் என்றதும் யாரும் மிரள வேண்டாம். பழைய புத்தக ஷெல்ஃப் ஒன்று, ஈரம் இறங்காமலிருக்க மேலே ஒரு சன்மைக்கா ஷீட், பிள்ளைகள் கை வைக்காதபடி கதவும் பூட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் மும்பையில் இருப்பவர்களுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்காத இன்னொரு சாமானும் வேண்டும். குடிப்பவர் பெயரில் ஒரு பர்மிட்!

சிரிக்காதீர்கள். தெருவுக்குத் தெரு ஒயின் ஷாப் இருக்கும் இந்த ஊரில் இன்றும் நடப்பில் இருப்பது மதுவிலக்குச் சட்டம்தான். அது எப்படி என்று பார்ப்போம்.

நம் சேலத்தில் 1937ல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து, 1939 ஆகஸ்ட் 1ல், பம்பாய் நகரத்துக்கும் அது வந்தது. கொண்டுவந்த அமைச்சர் டாக்டர் கில்டர் ஒரு பார்சி. எதிர்த்தவர்களிலும் பார்சிகள் நிறைய. சாராய வியாபாரத்தில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருந்ததே காரணம். அந்த வருடக் கடைசியிலேயே காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்துவிட, முதல் முயற்சி நிலைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராக இருந்தபோது வந்ததுதான் 1949ம் வருடத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம். பல்சாரா என்ற பார்சி கோர்ட்டுக்குப் போனார். விஸ்கி, பிராந்தி, பீர் மட்டுமல்ல, ஓடிகொலோன் வைத்துக்கொள்ளவும் உரிமை வேண்டும் என்றார். 1951ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது: ஆல்கஹால் கலந்த மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் தடை செல்லாது, மற்றபடி சட்டத்தின் பெரும்பகுதி செல்லும். ஆக, ஓடிகொலோன் தப்பித்தது, விஸ்கி மாட்டிக்கொண்டது.

ஆனால் சட்டத்திலேயே சில ஜன்னல்கள் இருந்தன. உடம்புக்கு அவசியம் என்றால் ஹெல்த் பர்மிட். வீட்டில் அவசர மருத்துவத் தேவைக்கு பிராந்தி, ரம், ஷாம்பெயின் வைத்துக்கொள்ளக் குடும்பத் தலைவர் பெயரில் ஒரு பர்மிட். (ஷாம்பெயின் கேட்கும் வியாதி எது என்று நான் கேட்க மாட்டேன்!) அலமாரிக்குள் பாட்டில் வைக்கும் பழக்கத்துக்குச் சட்டம் கொடுத்த இடம் இதுதான். குடிப்பவன் குடிகாரன் அல்ல, நோயாளி.

வங்கிக்காரன் கண்ணுக்கு இதில் ஒன்று பளிச்சென்று தெரியும். பேப்பர் காட்டக்கூடியவனுக்குத்தான் விதிவிலக்கு. டாக்டரையும் ஆபீஸையும் அணுகத் தெரிந்தவன் வீட்டில் உட்கார்ந்து குடித்தான். மில் தொழிலாளிக்கும் கூலிக்காரனுக்கும் அந்த ஜன்னல் எட்டவில்லை.

அவர்களும் வீட்டுக்குள்தான் போனார்கள், அடுத்தவர் வீட்டுக்குள். பாந்த்ரா, தோபி தலாவ் பக்கம் கோவாக் கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் முன்னறையிலேயே கள்ளச்சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். ஊர் அதற்கு வைத்த பெயர் 'ஆன்ட்டி பார்'. தொட்டுக்கொள்ள அவித்த முட்டை, சுண்டல். நாம் இன்று ஆசையாகச் செய்யும் வீட்டு பார், அன்று சில வீடுகளில் அடுப்பெரிய வைத்த பிழைப்பு.

இந்தக் கதையில் நம்மவருக்கும் பங்குண்டு. தூத்துக்குடியிலிருந்து வந்து விடி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த வரதராஜ முதலியார் பெரிய ஆளானது கள்ளச்சாராயத்தில்தான். தடை போட்டால் குடி நிற்கும் என்று நினைத்தார்கள். தாதாக்கள் வளர்ந்தார்கள்.

1960ல் மாநிலம் பிரிந்தது. குஜராத் மதுவிலக்கைத் தொடர்ந்தது. மகாராஷ்டிரா அந்தப் பத்தாண்டில் தளர்த்தியது, ஆனால் சட்டத்தை ரத்து செய்யவில்லை. பர்மிட்டை மட்டும் சுலபமாக்கியது. அதனால்தான் இன்றும் பார் வாசலில் 'பர்மிட் ரூம்' என்ற போர்டு. பர்மிட்டும் உடல்நலத்தைப் பேணுவதற்கு என்ற பெயரில்தான் வருகிறது.

ஏழையின் கணக்கு மட்டும் தீரவில்லை. 2015 ஜூனில் மலாட் மால்வணியில் விஷச்சாராயம் குடித்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். கடை திறந்திருந்த ஊரில்தான் இது நடந்தது. தடையை எடுத்தாலும், மலிவுச் சரக்கைத் தேடிப் போகிறவனின் உயிருக்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை.

ஆகவே ஷெல்ஃப் அடிக்கப் போகிறவர்களுக்கு: பர்மிட் முதலில், பாட்டில் பிறகு. வாங்கின பில்லையும் பத்திரமாக வையுங்கள். விஸ்கி வகைக்கு இங்கே வயது 25, காலேஜ் பிள்ளைகள் உள்ள வீடுகள் கவனிக்க. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த ஊர் எக்சைஸ் விதியைப் பாருங்கள். உத்தரப் பிரதேசம் 2021ல், அளவுக்கு மேல் வீட்டில் வைக்க வருடத்துக்கு 12,000 ரூபாய் கட்டணம், 51,000 ரூபாய் டெபாசிட் என்று லைசென்ஸே கொண்டுவந்தது.

பூட்டுக்குச் சாவி ஒன்று போதும். அது வீட்டம்மா கையில் இருப்பது உத்தமம் :-)