மதுரை என்ற பெயரில் ஒரு நூலகம்: எழுத்து மாறியபோது ஏடுகள் பிழைத்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், 'மதுரைத் திட்டம்'னு ஒரு தளத்திலிருந்து திருக்குறள் எடுத்தேன். அந்த ஆபீஸ் மதுரையில் எந்தத் தெருவில் இருக்கு?" எந்தத் தெருவிலும் இல்லை என்றேன். வைகைக் கரையில் தேடினாலும் கிடைக்காது. அதன் வேர் சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் நகரத்தில் இருக்கிறது. அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. தொடங்கியவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்தவர். சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் ஆய்வில் உலகம் அறிந்த பெயர். அவருக்குத் துணையாக அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் இருந்தார். தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைப்பதே நோக்கம். முதலில் ஏறியது திருக்குறள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்பதால் நம் ஊரின் பெயரை வைத்தார்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதும் இதே மதுரையில்தான். தமிழ்ச் சங்கம் சாலையில் நடக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கும் சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். ஒவ்வொரு நூலின் முகப்பிலும் யார் தட்டச்சு செய்தார், யார் பிழை பார்த்தார் என்று பெயர் இருக்கும். அந்த முகப்பை நீக்காமல் நூலை யாருக்கும் கொடுக்கலாம் என்பது ஒன்றே நிபந்தனை. இன்று 500-க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. சங்க இலக்கியம், தேவாரம், திவ்வியப் பிரபந்தம், சிற்றிலக்கியம் முதல் கல்கியின் நாவல்கள் வரை.

இதுவரை சொன்னது பலருக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. அடித்து வைத்த நூல்களை அவர்கள் மறுபடியும் மறுபடியும் வேறு எழுத்துமுறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் பாடம் தேவை.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அக்காலத்து முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள்தான். அதில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டன. மீதி 128. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இதில் ஜ, ஷ, ஸ, ஹ வேறு. 128 நாற்காலியில் 247 பேரை எப்படி உட்கார வைப்பது?

பழைய தட்டச்சுப் பொறி காட்டிய வழியில் போனார்கள். கால், கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துவிட்டால் கா, கெ, கே, கொ எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நாற்காலியில் யார் என்று முடிவு செய்வதில்தான் சிக்கல் வந்தது. ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்தார்கள். ஒரு பத்திரிகையின் எழுத்துரு இன்னொரு பத்திரிகைக்கு உதவாது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் திரையில் தெரிவது எல்லாம் கொத்துக்கொத்தாக மேலைநாட்டுக் குறிகள்தான்.

மதுரைத் திட்டத்தின் முதல் நூல்கள் கல்யாணசுந்தரம் அவர்களே உருவாக்கி இலவசமாக வழங்கிய 'மயிலை' எழுத்துருவில் வந்தன. அடுத்து, பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து ஒரு பொது அட்டவணையை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'திஸ்கி'. மயிலையில் இருந்த நூல்கள் திஸ்கிக்கு மாறின.

இதே நேரத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அங்கிருந்து 'டாம்', 'டாப்' என்ற இரண்டு அட்டவணைகள் வந்தன. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். ஆக, வெளிநாட்டுத் தமிழர்களிடம் திஸ்கி, தமிழ்நாட்டு அரசு வழியில் டாம், டாப், பத்திரிகைகளிடம் அவரவர் சொந்த எழுத்துரு. ஒரே தமிழ், ஒரே நேரத்தில் இத்தனை சட்டை போட்டிருந்தது.

திஸ்கியிலும் ஒரு வேடிக்கையான வில்லங்கம் உண்டு. அதில் 'இ' எழுத்துக்குக் கிடைத்த இடம் 173. மேலைநாட்டு அட்டவணையில் அந்த இடம், வரி உடையும்போது மட்டும் தெரிகிற ஒரு மறைவுக் கோட்டுக்கு உரியது. அதனால் சில கணினிகளில் 'இலை' என்று அடித்தது 'லை' என்று மட்டும் தெரியும். இகரமே காணாமல் போய்விடும்!

இதற்கெல்லாம் முடிவாக வந்தது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது வேலை செய்ய 2000, 2001-ஆம் ஆண்டுகளில் வந்த விண்டோஸ் பதிப்புகள் தேவைப்பட்டன.

இங்கேதான் உண்மையான வேலை. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவது என்பது எண்ணுக்கு எண் மாற்றும் வேலை அல்ல. 'கோவில்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எப்படி எழுதுவோம்? முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். திஸ்கியும் அதே வரிசையில்தான் சேமிக்கும். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. ஒருங்குறி அப்படி இல்லை. முதலில் க, பிறகு ஓகாரக் குறி என்று ஒலிக்கும் வரிசையில் சேமிக்கும். ஆகவே மாற்றும் மென்பொருள் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து, அதற்கு அடுத்த எழுத்தைத் தாண்டி வைத்து, பின்னால் கால் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு நூலில் எத்தனை ஆயிரம் கொம்புகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மென்பொருளால் முடியாத இடங்களும் உண்டு. 'கௌரி' என்பதில் முதல் எழுத்தின் கடைசியில் இருக்கும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றே. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் பலரும் ளகரத்தையே அடித்துவிட்டார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அதுபோலவே காலுக்கும் ரகரத்துக்கும் குழப்பம். 'ர்' அடிக்க வேண்டிய இடத்தில் காலை அடித்துப் புள்ளி வைத்தவர்கள் ஏராளம். 'எ' என்ற எழுத்தும் தமிழ் எண் ஏழும் இதே கதைதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இதே குழப்பம் நம் முன்னோர்களுக்கும் இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகரம் ஏகாரம் வேறுபாடு தெரியாது. அந்த வேறுபாட்டைக் கொம்பிலும் எழுத்திலும் காட்டும் முறையை நிலைநிறுத்தியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும், அவருக்கு முன்பே பதிப்பில் இறங்கிய சி.வை. தாமோதரம் பிள்ளையும், ஓலையில் இருப்பது காலா ரகரமா என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசித்துத்தான் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். நூறு ஆண்டு கழித்து, லோசானிலும் வர்ஜீனியாவிலும் கணினி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கும் அதே கால், அதே ரகரம்!

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு மாற்றமும் நினைவிருக்கும். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த காலத்தை ஒட்டித்தான், 1978-இல், பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் கொண்டுவந்த எழுத்து அது. அதுவரை நாங்கள் லை, னை, ணை, ளை எழுத்துகளைத் தும்பிக்கை போட்டு எழுதினோம். ணா, றா, னா எழுத்துகளுக்குக் காலே கிடையாது, சுழி வளைத்து முடிப்போம். பழைய எழுத்தில் படித்துவிட்டு, புதிய எழுத்தில் பாடம் நடத்தினேன். பழைய எழுத்துப் புத்தகங்களை யாரும் எரிக்கவில்லை. இரண்டும் சில காலம் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மதுரைத் திட்டக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். பழைய கணினி வைத்திருப்பவர் கைவிடப்படக் கூடாது என்று திஸ்கிப் பதிப்பும் ஒருங்குறிப் பதிப்பும் சேர்ந்தே கிடைத்தன. எந்தக் கணினியிலும் தெரிய வேண்டும் என்று பி.டி.எஃப். வடிவமும் கொடுத்தார்கள். ஒரே நூலுக்கு மூன்று மடங்கு வேலை.

ஒருங்குறி மேல் எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. தேவநாகரிக்காக வகுத்த அமைப்பில் தமிழை உட்கார வைத்துவிட்டார்கள், 247 எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. அதற்காக 'டேஸ் 16' என்ற முறையும் வந்தது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. இன்று நீங்கள் கைபேசியில் என்னைத் திட்டி எழுதினாலும் ஒருங்குறியில்தான் எழுதுகிறீர்கள்!

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு அனுபவம் உண்டு. என் அப்பா மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2001-இல் அதை ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து வாங்கினோம். 60 பக்கம். குடும்பத்துக்கு மட்டும் சில பிரதிகள். பிறகு ஒரு மழைக்காலத்தில் ஓட்டு வீடு ஒழுகி நோட்டு கூழாகிவிட்டது. பிரதிகளும் கை மாறிப் போய்விட்டன. மிஞ்சியது கடைக்காரர் கொடுத்த பிளாப்பி ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் அதிலிருந்த கோப்பை எப்படியோ எடுத்துத் திறந்தான். ஒரு வரி கூடத் தமிழாக இல்லை. கடை மூடிப் பல வருடம் ஆகிறது. அது எந்த எழுத்துரு என்று சொல்ல ஆளில்லை. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். பல நாள் கழித்து ஒன்று முக்கால்வாசி பொருந்தியது. மீதியை நாங்கள் உட்கார்ந்து படித்துத் திருத்தினோம். பொருள் பிடிபடாத வரிகள் வந்தபோது, தொண்ணூறை நெருங்கிய என் அத்தையிடம் முதல் வரியைச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முழுதாகப் பாடினார். எழுதிக்கொண்டோம். மூன்று ஒப்பாரிகள் மட்டும் அத்தைக்கும் தெரியவில்லை. அவை போனது போனதுதான்.

அப்பாவின் கோப்பு ஏன் பாதி செத்தது, மதுரைத் திட்டத்தின் கோப்புகள் ஏன் ஒவ்வொரு மாற்றத்திலும் பிழைத்தன என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் பயன்படுத்திய அட்டவணை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்தது. எந்தக் கோப்பு எந்த முறையில் இருக்கிறது என்று முகப்பிலேயே எழுதி வைத்தார்கள். பிரதிகள் பல நாடுகளில், பல கணினிகளில் இருந்தன. திருத்துவதற்கு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பிளாப்பிக்கு இந்த நான்கில் ஒன்றும் இல்லை.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

வீட்டில் பழைய சி.டி., பிளாப்பி, பழைய கணினி இருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். தாத்தாவின் கடிதம், ஊர்க் கோயில் மலர், கல்யாண வாழ்த்து மடல், பள்ளி ஆண்டு மலர் என ஏதாவது தமிழ்க் கோப்பு இருக்கும். இப்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

மாற்றிய பிறகு மனிதக் கண்ணால் ஒருமுறை முழுதும் படியுங்கள். காலும் ரகரமும் மாறியிருக்கும், ஔகாரம் ளகரமாகியிருக்கும். இதை மென்பொருள் கண்டுபிடிக்காது. நான் ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தபோது அழுதவர்களே, அந்தப் பயிற்சி இதற்கு உதவும்!

ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று வீட்டிலாவது பிரதி கொடுங்கள். வீட்டில் பாட்டிமார் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த பாட்டை இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது எழுத்து நன்றாகத் தெரிகிறது. மதியம் இரண்டு மணி நேரம் சும்மாதான் இருக்கிறேன். அப்பாவின் பாட்டுத் தொகுப்பு வேண்டுவோர் கீழே பெயர் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன். அந்த மூன்று ஒப்பாரிகளில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தாலும் தெரியலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்