அமெரிக்க வருமான வரியில் இளம் உறவினரைச் சார்ந்திருப்பவராகக் காட்டுதல்

அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரிக் கணக்கில், தம் பராமரிப்பில் வாழும் பேரப்பிள்ளை, தம்பி, தங்கை, உடன்பிறந்தாரின் பிள்ளை ஆகியோரையும் ஒருவர் தம்மைச் சார்ந்திருப்பவராகக் காட்டலாம். உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தொகுப்பின் 152ஆம் பிரிவு இதற்கு இரண்டு வழிகளை வகுத்துள்ளது: ‘தகுதிபெறும் பிள்ளை’, ‘தகுதிபெறும் உறவினர்’.

முதல் வழியில் பிள்ளையின் செலவை யார் ஏற்றார் என்பதைவிட, அது யார் வீட்டில் வளர்ந்தது என்பதே முக்கியம். ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட காலம் அப்பிள்ளை வரி செலுத்துபவருடன் வாழ்ந்திருக்க வேண்டும். படிப்புக்காகவோ சிகிச்சைக்காகவோ தற்காலிகமாக வெளியே தங்கிய நாட்களும் கணக்கில் சேரும். வயது 19க்குள், முழுநேர மாணவரானால் 24க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்துபவரைவிட இளையவராகவும் இருக்க வேண்டும். நிரந்தரமான முழு ஊனம் உடையவருக்கு வயது வரம்பு கிடையாது. தன் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்கும் பிள்ளை இதில் வராது.

ஒரே பிள்ளையை இருவர் காட்ட முடியாது. தாயும் பாட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் முன்னுரிமை தாய்க்கே. தாய் விட்டுக்கொடுத்தாலும், பாட்டியின் வருமானம் தாயினுடையதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பாட்டி காட்டலாம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். கணக்கைச் சமர்ப்பிக்கும் முன்பே பேசி முடிவுசெய்வது நல்லது.

இரண்டாம் வழியில் வயது வரம்பு இல்லை. ஆனால் உறவினரின் வருமானம் 2025இல் 5,200 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவருடைய செலவில் பாதிக்கு மேல் வரி செலுத்துபவரே ஏற்றிருக்க வேண்டும். அவர் வேறொருவரின் தகுதிபெறும் பிள்ளையாகவும் இருக்கக் கூடாது. சித்தப்பா, மாமா, அத்தை ஆகியோரின் பிள்ளைகள் இந்த வழியில் மட்டுமே வர முடியும், அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால்தான்.

இரு வழிகளிலும் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றுள் ஒன்றில் வசிப்பவராகவோ இருப்பது பொது விதி. ஊரில் படிக்கும் அக்கா மகனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் அமெரிக்கத் தமிழர், அந்தப் பையன் இந்தியக் குடிமகனாக இருந்தால், அவனைக் கணக்கில் சேர்க்க முடியாது. மாணவர் விசாவில் அமெரிக்காவுக்கே வந்தாலும், வரிச் சட்டத்தின்படி முதல் ஐந்து ஆண்டுகள் அவன் பொதுவாக அந்நாட்டில் வசிப்பவனாகக் கருதப்படுவதில்லை.

சார்ந்திருப்பவருக்காக வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழிக்கும் முறை 2018 முதல் நடைமுறையில் இல்லை. இப்போது 17 வயதுக்குட்பட்ட தகுதிபெறும் பிள்ளைக்கு, சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால், 2025ஆம் ஆண்டுக்கு 2,200 டாலர் வரை வரியிலேயே கழியும். மற்றவர்களுக்கு 500 டாலர் வரை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது நிறைந்த சார்ந்திருப்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயமாக்கியபோது, அடுத்த ஆண்டுக் கணக்குகளிலிருந்து சுமார் 70 லட்சம் சார்ந்திருப்பவர்கள் காணாமற்போயினர். வரித்துறை விளக்கம் கேட்டால், பிள்ளையின் முகவரியைக் காட்டும் பள்ளி, மருத்துவமனைப் பதிவுகள் சான்றாக ஏற்கப்படும்.