கூலி: வசைச் சொல்லா, துஆவின் சொல்லா?

யாராவது எமக்கு ஓர் உதவி செய்தால் "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி வழங்குவானாக" என்று துஆச் செய்கிறோம். பள்ளிவாசலுக்கு நிதி சேர்க்கும் அறிவித்தலின் கடைசி வரியிலும் இதே வாசகம்தான் இருக்கும். ஆனால் ஒருவரை மட்டந்தட்ட நினைத்தால் "கூலிக்காரப் புத்தி" என்றும் நாமே சொல்கிறோம். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பதுளை மாவட்டத்தில் படிப்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் இரண்டையும் நான் கேட்கிறேன். கடைத்தெருப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரும் வகுப்பில் இந்தச் சொல் சும்மா வந்து போவதில்லை. ஆகவே அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குரிய ஊதியம். திருக்குறளின் 619ஆவது குறளில், உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பலன் என்ற பொருளில் இது வருகிறது. அங்கே இழிவு எதுவும் இல்லை. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் ஏறத்தாழ இதே வடிவில் இச்சொல் உண்டு. சிங்களத்தில் 'குலிய' என்றால் வாடகை. பதுளை நகரில் வீடு வாடகைக்கு உண்டு என்று சிங்களத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகையில் இருப்பதும் இந்தச் சொல்தான். அதை யாரும் வசையாக எடுப்பதில்லை.

ஆங்கிலத்தில்தான் நிலைமை மாறியது. தமிழில் கூலி என்பது காசு. அதைப் பெறுபவர் கூலியாள். ஆங்கிலேயரோ ஆளையே 'கூலி' என்றார்கள். இந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தமிழ்க் கூலியே மூலம் என்பது ஒரு கருத்து. குஜராத், மகாராஷ்டிரக் கரையோரங்களில் வாழும் 'கோலி' என்ற சமூகத்தின் பெயரே மூலம் என்பது இன்னொன்று. 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி இந்த இரண்டையும் ஆராய்கிறது.

அடிமை என்று பொருள்படும் 'குல்' என்ற துருக்கிச் சொல்லையும் சிலர் காட்டுகின்றனர். அந்தச் சொல் எமக்குப் புதிதல்ல. 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முஹம்மத் குலி குத்ப் ஷாவின் பெயரிலுள்ள 'குலி' அதுதான். அரபியில் நாம் 'அப்து' என்று பெயர் வைப்பதைப் போன்றது. அரசர் ஒருவர் பெருமையோடு தாங்கிய பெயர் அது.

கப்பல்கள் இந்தச் சொல்லைக் கிழக்கே கொண்டு போயின. சீனர்கள் அதே ஓசைக்கு இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்தார்கள்: 'கு' என்றால் கசப்பு, 'லி' என்றால் பலம். கசப்பான உழைப்பு என்ற பொருளும் அதில் அமைந்துவிட்டது. மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'குலி' என்பவர் உடலுழைப்புத் தொழிலாளி. டச்சு ஆட்சியாளர்கள் 1880இல் சுமத்ராவின் கிழக்குக் கரைக்கெனக் கூலிச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குத் தண்டனை விதிக்க அது வழி செய்தது. தாய், வியட்நாம் மொழிகளிலும் இச்சொல் வாழ்கிறது.

தென்னாபிரிக்காவில் அது இந்தியர் அனைவருக்குமான வசையானது. 1893இல் அங்கு சென்ற காந்தி 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டார். அவரை அழைத்தவர்கள் முஸ்லிம் வணிகர்கள். அந்த வணிகர்களில் பலர், ஒப்பந்தத் தொழிலாளர்களான தமிழர்களோடு தாங்கள் சேர்த்து எண்ணப்படக்கூடாது என்பதற்காகத் தங்களை 'அரபிகள்' என்று சொல்லிக்கொண்டதை காந்தி தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். அதனால் பயன் கிடைத்ததா? டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டுச் சட்டம் கூலிகள், அரபிகள், மலாயர் என எல்லோரையும் ஒரே வரியில் அடுக்கி, எல்லோர் உரிமையையும் ஒன்றாகவே பறித்தது. மலையகத்தில் கடை வைத்திருக்கும் நாமும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாமும் மறக்கக்கூடாத வரலாறு இது.

இலங்கையில் தோட்டத் துரைமாருக்காக 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே கைநூல் அச்சிட்டார்கள். தொழிலாளர் பேசிய மொழிக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் பசறையிலோ ஹப்புத்தளையிலோ தோட்டத்து மக்கள் தங்கள் ஊதியத்தைச் 'சம்பளம்' என்கிறார்கள். ஒரு நாள் வேலை கணக்கில் ஏறினால் 'பேர்'. பறித்த கொழுந்து நிறை போதாவிட்டால் 'அரைப்பேர்'. மற்றவர்கள் வைத்த பெயரை அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அரபியைப் பாருங்கள். மறுமையின் நற்கூலி 'அஜ்ர்'. தொழிலாளியின் கூலி 'உஜ்ரா'. வாடகை ஒப்பந்தம் 'இஜாரா'. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தமிழும் சிங்களமும் தனித்தனியே வைத்திருக்கும் பொருள்களை அந்த வேர் ஒன்றாகவே வைத்திருக்கிறது. குர்ஆனைத் தமிழாக்கியவர்கள் 'அஜ்ர்' என்பதற்குக் கூலி, நற்கூலி என்று எழுதியது மிகப் பொருத்தமானது. மத்யனில் மூஸா நபி எட்டு ஆண்டுகள் வேலை செய்ய ஒப்புக்கொண்டதைச் சொல்லும் 'அல்கஸஸ்' அத்தியாயத்திலும் இதே வேர்ச்சொல் வருகிறது. எமது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள்தான். தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடும்படி சொல்லும் ஹதீஸும் நாம் அடிக்கடி கேட்பதுதான்.

சிலர் இச்சொல்லையே கைவிட வேண்டும் என்கிறார்கள். இந்திய ரயில்வே 2016இல் சுமை தூக்குவோரை 'சஹாயக்' என்று அழைக்க முடிவு செய்தது. மொரிஷியசில் 'கூலி காட்' என்றிருந்த இறங்குதுறை 'ஆப்ரவாசி காட்' ஆகி, 2006இல் உலக மரபுரிமைத் தலமும் ஆனது. அதே தீவின் கவிஞர் கால் தொராபுள்ளியோ, 'கூலிட்யூட்' என்ற சொல்லை உருவாக்கி, வசையை வரலாற்றின் அடையாளமாக மாற்றினார். இரண்டும் ஏற்கத்தக்க வழிகளே.

நான் மாணவருக்குச் சொல்வது எளிமையானது. ஆளைக் குறிக்கத் தொழிலாளி என்று எழுதுங்கள். அவருக்குச் சேர வேண்டியதைக் கூலி என்று எழுதுங்கள். தோட்டத் தொழிலாளர் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அந்தத் தொகை வர்த்தமானியில் வந்தது. பெயரைத் திருத்துவதற்குக் காசு செலவாகாது. கடையில், வயலில், வீட்டில் எமக்காக வேலை செய்பவரின் கூலியை முழுதாகவும் நேரத்துக்கும் கொடுப்பதற்குத்தான் செலவாகும். நற்கூலி கேட்டுக் கையேந்துகிற நாம் முதலில் அந்தக் கணக்கைத் தீர்ப்போம்.