பானெட்டைத் திறக்கும் உரிமை

கலிஃபோர்னியாவில் ரோஸமண்ட் என்று ஓர் ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் தண்ணீரைத் தேடாதீர்கள். கிடையாது. மொஹாவி பாலைவனத்தில் எப்போதோ வற்றிப்போன ஏரியின் தரை அது. மைல் கணக்கில், சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையான களிமண். 1941 நவம்பர் 16ம் தேதி அங்கே ஒரு பழைய ஃபோர்ட் கார் மணிக்கு 121 மைல் வேகத்தில் ஓடியது. நம் கணக்கில் சொன்னால் 195 கிலோமீட்டர்.

காரின் சொந்தக்காரர் விக் எடல்பிராக். கோடீஸ்வரர் இல்லை. ரேஸ் கம்பெனி ஆசாமியும் இல்லை. கான்ஸாஸ் மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி கலிஃபோர்னியாவுக்கு வந்து மெக்கானிக் ஷெட் போட்டவர். கார், 1932ம் வருடத்து மாடல். தினமும் போக வர அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அந்த வண்டி 80 மைலைத் தொட்டாலே பெரிய விஷயம்.

மிச்சம் 40 மைலை எங்கிருந்து பிடித்தார்? பானெட்டுக்குள்ளிருந்துதான்.

அதற்குள் போவதற்கு முன்னால் ஹென்றி ஃபோர்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். எட்டு சிலிண்டர் எஞ்சின் என்பது அதுவரை காடிலாக் மாதிரி பணக்கார வண்டிகளின் சமாசாரம். சிலிண்டர்களைத் தனித்தனித் துண்டுகளாக வார்த்துப் பிறகு சேர்ப்பார்கள். செலவு எகிறும். ஃபோர்டுக்குப் பிடிவாதம். மொத்த எஞ்சின் பிளாக்கையும் ஒரே வார்ப்பாக ஊற்ற வேண்டும் என்றார். இன்ஜினீயர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வார்த்தது எல்லாம் ஆரம்பத்தில் குப்பைக்குப் போனது. கிழவர் விடவில்லை. அப்போது அவருக்கு வயது 68. கடைசியில் 1932 மார்ச்சில் 65 குதிரைசக்தி கொண்ட வி-8 கார் சந்தைக்கு வந்தது. விலை 500 டாலருக்கும் கீழே. அமெரிக்கா முழுக்கப் பஞ்சப்பாட்டு பாடிக்கொண்டிருந்த காலத்தில்!

வேகம் யாருக்குத் தேவையோ அவர்கள் முதலில் வந்தார்கள். வங்கிக் கொள்ளைக்காரர்கள் உள்பட. போனி, கிளைட் ஜோடி 1934 மே மாதம் போலீஸ் குண்டுகளுக்குப் பலியானது ஒரு ஃபோர்ட் வி-8 காருக்குள்தான். திருட்டு வண்டி.

அதற்கடுத்து வந்தவர்கள்தான் நம் கதாநாயகர்கள். பள்ளிக்கூடம் முடித்த பையன்கள். பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவர்கள். புது வி-8 வாங்க வக்கில்லாதவர்கள். ஆனால் நாலைந்து வருடத்தில் அதே வண்டி செகண்ட் ஹாண்டில், அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, பானெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டார்கள்.

இந்த எஞ்சினுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. ஃப்ளாட்ஹெட். தட்டைத் தலையன். வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். மேலே இருக்கும் ஹெட் என்பது வெறும் மூடி. ஒரு பக்கத்துக்கு 21 நட்டு. கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். இதைவிடச் சுலபமாகத் திறக்கக்கூடிய எஞ்சின் எங்கே கிடைக்கும்?

முதல் வேலை, அந்த மூடியின் அடிப்பக்கத்தை இழைத்து மெலிசாக்குவது. பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் குறையும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை இன்னும் இறுக்கமாக அழுத்தப்படும். வெடிக்கும்போது அடி பலமாக விழும். ஃபோர்ட் கொடுத்தது ஐந்தரைக்கு ஒன்று என்கிற சாதுவான அழுத்தம். பையன்கள் அதைத் தாராளமாக ஏற்றினார்கள்.

இரண்டாவது, மூச்சு. கார்புரேட்டர்தான் எஞ்சினுக்கு மூக்கு. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒற்றை மூக்கு. எடல்பிராக் செய்தது இங்கேதான். இரண்டு கார்புரேட்டர் உட்காரும்படி ஒரு புது இன்டேக் மேனிஃபோல்டை வடிவமைத்தார். 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர். ஏரியில் அந்த வண்டி ஓடியதைப் பார்த்தவர்களெல்லாம் 'எனக்கும் ஒண்ணு' என்று வந்து நின்றார்கள். பின்னாளில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு கம்பெனியின் பிறப்பு அது.

மூன்றாவது, கேம்ஷாஃப்ட். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தண்டு. அதன் முட்டை வடிவ மேடுகளை வேறு மாதிரி சாணை பிடித்தால் அதிவேகத்தில் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும். அதற்கு விலையும் உண்டு. சிக்னலில் நின்றால் வண்டி ஜுரம் வந்தது போலக் குலுங்கும்.

தட்டைத் தலையனுக்கு ஒரு பிறவிக் கோளாறு. எரிந்த புகை வெளியே போகும் பாதை பிளாக்கின் ஊடாகவே, குளிர்விக்கும் தண்ணீரை உரசிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, நடுவே இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரே வழி. சக்தி கூடக் கூட ரேடியேட்டர் சாம்பார் மாதிரி கொதிக்கும். எத்தனை பிளாக்குகள் விரிசல் விட்டிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு மெஷினைத் திறந்து பார்த்தால் அதன் புத்திசாலித்தனம் மட்டுமா தெரியும்? அசட்டுத்தனமும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஏரிக்குப் போய்விட வேண்டும். அங்கே மட்கார்டு, கண்ணாடி, ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றி ஓர் ஓரமாக வைத்துவிட்டு ஓட்ட வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு அதே வண்டியில் வீடு திரும்ப வேண்டும். திங்கள்கிழமை வேலைக்குப் போகணுமே. ஆரம்பத்தில் புழுதிக்குள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டதும் உண்டு. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1937ல் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனை ஆரம்பித்தன. ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் குறித்தார்கள்.

எடல்பிராக்கின் 121 மைல் ஓட்டம் முடிந்து சரியாக மூன்றே வாரம். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. பையன்கள் சட்டையை மாற்றிக்கொண்டு யுத்தத்துக்குப் போனார்கள். முராக் என்கிற இன்னொரு வறண்ட ஏரி, ரேஸ்காரர்களின் சொர்க்கம், ராணுவத்தின் கைக்குப் போனது. இன்றைக்கு அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள். விமான எஞ்சினைப் பிரித்து மாட்டியவர்கள். லேத் ஓட்டத் தெரிந்தவர்கள். கையில் ராணுவச் சம்பளம். விமானத்தின் எக்ஸ்ட்ரா பெட்ரோல் டாங்க் காயலான் கடைக்கு வந்தால், அதற்கே சக்கரம் மாட்டி ரேஸ் கார் பண்ணிவிட்டார்கள்! ஆனால் ஏரி தூரம். ரோடு பக்கம். பந்தயம் நடுத்தெருவுக்கு வந்தது.

செத்தார்கள். ஓட்டியவர்கள் மட்டுமல்ல, சம்பந்தமே இல்லாமல் எதிரே வந்தவர்களும். பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 'ஹாட் ராட்' என்றாலே பொறுக்கி என்று அர்த்தம். இதையெல்லாம் தடை செய்தாலென்ன என்று பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில்தான் வாலி பார்க்ஸ் முன்னால் வருகிறார். அவரும் வறண்ட ஏரிகளில் ஓடியவர்தான். ராபர்ட் பீட்டர்சன் 1948 ஜனவரியில் ஆரம்பித்த 'ஹாட் ராட்' பத்திரிகைக்கு அடுத்த வருடமே ஆசிரியரானார். பையன்களைத் திட்டினால் கேட்க மாட்டார்கள், ஓட இடம் கொடுத்தால் கேட்பார்கள் என்பது அவர் கட்சி. 1949ல் யூட்டாவின் பான்வில் உப்புத் தரையில் முதல் ஸ்பீட் வீக். 1950ல் ஸான்டா ஆனா விமான ஓடுபாதையில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்திய பந்தயம். 1951ல் தேசிய ஹாட் ராட் சங்கம். ஹெல்மெட், பிரேக் சோதனை, விதிமுறை. வண்டியை நோண்டுவது மரியாதைக்குரிய பொழுதுபோக்கானது இப்படித்தான்.

அவ்வளவுதான், சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லன் வந்துகொண்டிருந்தான். அதுவும் அதே லாஸ் ஏஞ்சல்ஸில். 1943 ஜூலையில் ஒரு நாள் ஊர் முழுக்கப் பழுப்பு நிறத்தில் புகை மூட்டம். கண் எரிச்சல். ஜப்பான்காரன் விஷவாயு விட்டுவிட்டான் என்று சிலர் அலறினார்கள். பிறகு தொழிற்சாலைகளின் மேல் பழி. கால்டெக்கில் வேலை பார்த்த ஹாகன்-ஸ்மிட் என்கிற டச்சு விஞ்ஞானிதான் 1950களின் தொடக்கத்தில் உண்மையை உடைத்தார். கார்கள் கக்கும் புகையைச் சூரிய வெளிச்சம் சமைக்கிறது. ஓசோன் உண்டாகிறது. அதுதான் கண்ணையும் நெஞ்சையும் பிடுங்குகிறது. பின்னால் கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

1970ல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கார்களின் புகையில் 90 சதவீதத்தைக் குறை என்றது. கார்புரேட்டர் என்கிற பித்தளை மூக்கால் அது முடியாது. புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தாக வேண்டும். அந்த விகிதத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து திருத்த ஒரு மூளை வேண்டும். புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார், அதன் பேச்சைக் கேட்க ஒரு கம்ப்யூட்டர். 1980களில் பானெட்டுக்குள் ஒரு தகர டப்பா குடியேறியது இப்படித்தான்.

வீட்டு மெக்கானிக்கின் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. அந்த டப்பாவில் ஒரு சிப். சிப்புக்குள் என்ன? பெரிய வாய்ப்பாடு. எஞ்சின் இத்தனை சுற்று, இத்தனை சுமை என்றால் பெட்ரோல் இவ்வளவு, தீப்பொறி இந்த நேரத்தில். நூற்றுக்கணக்கான எண்கள், கட்டம் கட்டமாக. கம்பெனிக்காரன் ஜாக்கிரதைப் பேர்வழி. மட்டமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், கவனமில்லாத ஓட்டுநர் எல்லாவற்றையும் மனத்தில் வைத்து எண்களை அடக்கித்தான் போட்டிருப்பான். அதை மாற்றினால்?

மாற்றினார்கள். சிப்பைப் பிடுங்கி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்து எண்களை அழித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிய எண்களை எழுதி மறுபடி செருகினார்கள். ப்யூக் கிராண்ட் நேஷனல் மாதிரியான டர்போ வண்டிகளில் இது கொடிகட்டிப் பறந்தது. டர்போ திணிக்கிற காற்றை இன்னும் கொஞ்சம் ஏற்று, அதற்கேற்றபடி பெட்ரோலைக் கூட்டு. பழைய காலத்தில் உளியும் அரமும் செய்ததை இப்போது எண்கள் செய்தன. தப்பினால் தண்டனை மட்டும் பழையதுதான். பெட்ரோல் ஒரு சிட்டிகை குறைந்து, தீப்பொறி கொஞ்சம் முந்திவிட்டால் கலவை தாறுமாறாக வெடிக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். எல்லாம் சில விநாடிகளில்.

2001ல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு பேர் 'மெகாஸ்குவர்ட்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் கம்ப்யூட்டர்தான். ஆனால் உதிரிகளாக வரும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீங்களே ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியது. லேப்டாப்பைச் செருகினால் வாய்ப்பாடு மொத்தமும் கண்ணெதிரே. எடல்பிராக்கின் பேரன் தலைமுறைக்கு மறுபடியும் ஒரு 21 நட்டு மூடி கிடைத்தது.

ஆனால் புதிய கார்களில் கம்பெனிகள் பூட்டுப் போட ஆரம்பித்திருந்தன. இரும்புப் பூட்டு அல்ல, ரகசியக் குறியீடு. அதை உடைத்தால் குற்றம். எந்தச் சட்டப்படி? சிரிக்காதீர்கள். சினிமா, பாட்டுத் திருட்டைத் தடுக்க 1998ல் போட்ட டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி! டிராக்டர் கம்பெனியான ஜான் டியர் அரசிடம் எழுத்துமூலமாகவே வாதாடியது: வண்டி வாங்கியவருக்கு அதற்குள் இருக்கும் மென்பொருள் சொந்தமில்லை, வண்டி உள்ளவரை அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே உண்டு. ஜெனரல் மோட்டார்ஸும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டது. 2015 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சியும், வேண்டாம், பூட்டைத் திறந்துவிட்டால் சொந்தக்காரர்கள் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்று கடிதம் போட்டது.

இரண்டே மாதம். செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில், பரிசோதனை நடக்கும்போது மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதி வைத்திருந்தார்கள். ரோட்டில் சில வண்டிகள் விட்ட நைட்ரஜன் ஆக்ஸைடு, அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை. பூட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவனே திருடன்!

அக்டோபரில் தீர்ப்பு வந்தது. சொந்தக்காரர் தன் வண்டியின் மென்பொருளைப் பழுதுபார்க்க, மாற்ற, பூட்டைத் திறக்கலாம். ஆனால் ஒரு வருடம் கழித்து. புகைச் சட்டத்தை மீறக்கூடாது என்ற நிபந்தனையோடு.

பையன்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2020ல் அதே ஏஜென்சி ஒரு கணக்கு வெளியிட்டது. பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் சொந்தக்காரர்கள் புகை வடிகட்டும் சாதனங்களைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். கரும்புகை விட்டுப் பின்னால் வருகிறவனை மூழ்கடிப்பது அவர்களில் சிலருக்கு விளையாட்டு. எடல்பிராக் மூடியைக் கழற்றியபோது ஆபத்து அவர் உயிருக்கும் எஞ்சினுக்கும்தான். இவர்கள் கழற்றுவதன் விளைவு அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குப் போகிறது. ஆனாலும் சாவியை முழுக்கக் கம்பெனியிடமே கொடு என்றால், ஃபோக்ஸ்வாகன் ஞாபகத்துக்கு வருகிறதா இல்லையா?

அந்த அனுமதியும் நிரந்தரமில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலாவதி. 2018ல் புதுப்பித்தார்கள். 2021ல் மறுபடி. 2024ல் மறுபடி. 2027ல் திரும்பவும் யாராவது மனு எழுதி, என் காரின் பானெட்டை நான் திறக்கலாமா என்று கேட்டாக வேண்டும்.