புயலில் சிதைந்த தனுஷ்கோடி ரெயில் நிலையம்: மிச்சம் இருப்பது சில சுவர்கள்தான்

ராமேசுவரம்,

தனுஷ்கோடிக்கு போகிற சுற்றுலா பயணிகள் இடிந்த தேவாலயம் முன்பு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் மணலுக்குள் நிற்கும் சுவர்களும் தண்ணீர் தொட்டியின் மிச்சமும் அவ்வளவாக கண்ணில் படுவதில்லை. ஒரு காலத்தில் சென்னையையும் கொழும்பையும் சேர்த்து வைத்த ரெயில் நிலையம் அதுதான்.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை ரெயிலில் தூத்துக்குடி போய் அங்கிருந்து கப்பல் ஏறித்தான் கொழும்பு போக வேண்டும். பாலம் வந்ததும் அந்த போக்குவரத்து தனுஷ்கோடி பக்கம் திரும்பியது.

சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கலாம். அங்கே துறைமுகத்தில் கப்பல் தயாராக இருக்கும். 22 மைல் கடலை தாண்டினால் தலைமன்னார். அங்கிருந்து இன்னொரு ரெயிலில் கொழும்பு. எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்! இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இந்த கடலில் ஓடின. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு இலங்கை தேயிலை தோட்டங்களுக்கு போன தொழிலாளர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள்.

இப்போது ஆச்சரியமாக தெரியும் ஒரு விஷயம், அந்த நாளில் பாம்பனில் இருந்து மெயின் லைன் போனது தனுஷ்கோடிக்குத்தான். ராமேசுவரம் கிளைப்பாதை!

கடைசி ரெயில்

1964 டிசம்பர் 22-ந்தேதி இரவு. புயல் மழை. பாம்பன்-தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653, ஆறு பெட்டிகளுடன் பாம்பனை விட்டு கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை என்றும், டிரைவர் விசில் அடித்துப் பார்த்துவிட்டு துணிந்து வண்டியை எடுத்தார் என்றும் சொல்கிறார்கள். ஸ்டேஷன் எட்டும் தூரம்தான். ராட்சத அலை ரெயிலை அப்படியே சுருட்டிக்கொண்டு போனது. உள்ளே இருந்த நூறு பேருக்கு மேல் பலி. யாரும் தப்பவில்லை.

விடிந்தபோது ஊரே இல்லை. ரெயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் போச்சு. தனுஷ்கோடி மக்கள் வாழ தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்துவிட்டார்கள். தனுஷ்கோடி பாதையை மட்டும் அப்படியே கைவிட்டார்கள். அதன்பிறகு இலங்கை கப்பல் ராமேசுவரத்தில் இருந்து போனது. அதுவும் 1980-களில் நின்றது.

அடிக்கல்லோடு சரி

ஊர் போனாலும் மீனவர்கள் போகவில்லை. குடிசை போட்டு மீன்பிடித்து பிழைத்தார்கள். ரொம்ப வருஷம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் வேன்தான். 2017 ஜூலை 27-ந்தேதி அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலையை பிரதமர் மோடி திறந்துவைத்தார். அதற்கு பிறகு கூட்டம் பெருகியது.

ராமேசுவரம்-தனுஷ்கோடி ரெயில் பாதைக்கு 2019 மார்ச் 1-ந்தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ந்தேதி புதிய பாம்பன் பாலமும் திறந்தாச்சு. ஆனால் ரெயில் ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது. பழைய ஸ்டேஷன் சுவர்களை உப்புக்காற்று அரித்துக்கொண்டு இருக்கிறது.